திருக்கை என்று எழுதினால், எந்தத் திருக்கை?

விசைப்படகுகள் வந்து சேரும் துறைமுகத்தில், ஏலம் நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். தரையில் கிடக்கும் தட்டை மீன்களைப் பார்த்து ஏலம் கூறுபவர் புள்ளித் திருக்கை, குருவித் திருக்கை, கொம்புத் திருக்கை, உழுவை என்று பெயர் பிரித்துச் சொல்லி, பெயருக்கு ஒரு விலை வைப்பார். அந்தப் பெயர்களும் ஊருக்கு ஊர் மாறும். அதே குவியல் கணக்கில் ஏறும்போது பல இடங்களில் 'திருக்கை, இத்தனை கிலோ' என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும். நம்மூரில் மட்டும் இப்படி இல்லை, உலக மீன்பிடிக் கணக்குகளிலும் நெடுங்காலம் இதே கதைதான். திருக்கைகள் இவ்வளவு ஓசையில்லாமல் குறைந்துபோனதில் அந்த ஒற்றை வரிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பெயர் இல்லாத ஒன்று காணாமல் போனால் யார் தேடுவார்?

முதலில், திருக்கை என்பது என்ன? சுறாவைத் தட்டையாக்கியது போன்ற மீன் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். உடம்பில் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடிவயிற்றுப் பக்கம் இருந்தால் திருக்கை. மார்புத் துடுப்புகள் தலையோடு ஒட்டி வளர்ந்து, முறம்போல விரிந்திருக்கும். மணலில் புதைந்து கிடக்கும்போது வாய் கீழே மாட்டிக்கொள்ளுமே, மூச்சு எப்படி? கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள் இருக்கின்றன. தண்ணீரை அவற்றின் வழியே இழுத்து, கீழே இருக்கும் செவுள் வழியாக விட்டுவிடும்.

இன்று 600-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. வாலில் முள் வைத்திருக்கும் வழக்கமான திருக்கைகளும் அவற்றின் உறவான பெரிய கொம்புத் திருக்கைகளும் ஒரு கூட்டம். மின்சாரம் பாய்ச்சும் மின் திருக்கைகள் இன்னொன்று. முட்டையிடும் ஸ்கேட் என்பவை மூன்றாவது. நான்காவது கூட்டத்தைத்தான் பலர் சுறா என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உழுவையும் வேளாவும் அதில் அடங்கும். நீண்ட உடம்பு, முதுகில் நிமிர்ந்த துடுப்பு, சுறாவைப் போலவே வாலை அசைத்து நீந்தும் பழக்கம். ஆனால் புரட்டிப் பார்த்தால் செவுள் அடியில்.

வேளாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகத்தில் இரண்டு பக்கமும் பல் வைத்த வாள் ஒன்று நீண்டிருக்கும் மீன் அது. பெரிய இனங்கள் 6 மீட்டருக்கு மேல் வளரும். அந்த வாள் வெறும் ஆயுதம் அல்ல. இரை அசையும்போது உண்டாகும் மிக மெல்லிய மின்சாரத்தை உணரும் நுண்துளைகள் அதில் நிறைந்திருக்கும். கலங்கல் தண்ணீரில் கண் தெரியாவிட்டாலும் மீன் இருக்கும் இடம் வாளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் ஒரே வீச்சு. குட்டி பிறக்கும்போது தாயைக் கிழித்துவிடாதபடி வாளுக்கு ஒரு உறைகூட உண்டு, பிறந்த கொஞ்ச நாளில் அது கழன்றுவிடும்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் 'சினைச் சுறவின் கோடு' நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடும் காட்சி வருகிறது. சுறாவுக்குக் கோடு, அதாவது கொம்பு, எங்கே இருக்கிறது? நட்டு வைக்கிற மாதிரி ஒரு கொம்பு உள்ள மீன் அந்தக் கடலில் வேளாதான். புலவர் சொன்னது அதன் வாளைத்தான் என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அப்படியென்றால் அன்றைக்குக் கொம்பை எடுத்து முற்றத்தில் நடும் அளவுக்கு அந்த மீன் கரைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. இன்று உலகில் இருப்பது 5 வேளா இனங்கள், ஐந்தும் அழிவின் விளிம்பில். முன்பு அவை வாழ்ந்த 90 நாடுகளில் 55-இல் இப்போது அடியோடு இல்லை என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைக் காப்பாற்றிய வாளே அதன் எமனும் ஆனது. எந்த வலையாக இருந்தாலும் பல் மாட்டிக்கொள்ளும், திமிறத் திமிற இன்னும் சுற்றிக்கொள்ளும்.

சரி, அடுப்படிப் பக்கம் வருவோம். திருக்கை கொஞ்சம் பழசானால் மூக்கில் ஏறும் ஒரு நெடி வரும். மற்ற மீன் கெட்டால் வரும் நாற்றம் வேறு, இது வேறு. காரணம் உடம்பியலில் இருக்கிறது. கடல்நீரின் உப்பு உடம்பிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, திருக்கையும் சுறாவும் யூரியாவைச் சிறுநீரோடு வெளியே விடாமல் ரத்தத்திலும் தசையிலும் தேக்கி வைத்துக்கொள்கின்றன. செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அமோனியாவாக உடைக்கின்றன. நெடி அதுதான். தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகையில் நன்னீரிலேயே வாழும் ஒரு திருக்கைக் குடும்பம் இருக்கிறது. அதன் முன்னோர் கடலிலிருந்து போனவை. ஆற்றில் உப்பும் இல்லை, யூரியாவைத் தேக்கும் தேவையும் இல்லை. காலப்போக்கில் அந்தத் திறமையே அவற்றிடம் இல்லாமல் போயிற்று.

வாழிடம் என்று பார்த்தால் திருக்கை போகாத நீர்நிலை குறைவு. கடற்புல் வெளி, பவளப் பாறையோரம், அலையாத்திக் காட்டுக் கழிமுகம், ஆறு, சூரிய வெளிச்சமே எட்டாத ஆழ்கடல் எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று இருக்கும். கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, கடலடியில் வெந்நீர் பீறிடும் வாய்களின் ஓரமாகப் பார்த்து ஆழ்கடல் ஸ்கேட் ஒன்று முட்டை இடுவதை விஞ்ஞானிகள் படம்பிடித்திருக்கிறார்கள். குளிர்ந்த ஆழத்தில் முட்டை பொரிய வருடக்கணக்கில் ஆகும் என்பதால் சூட்டைத் தேடிப் போகிறது போலும். ஆற்றுப் பக்கம் வந்தால், 2022 ஜூனில் கம்போடியாவின் மேகாங் ஆற்றில் பிடிபட்ட ஒரு திருக்கையின் எடை 300 கிலோ. அதுவரை பதிவான நன்னீர் மீன்களிலேயே பெரியது அதுதான். பிடித்தவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து அதற்கு ஒரு கருவி பொருத்தி ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள்.

ஆனால் பெரும்பாலான இனங்களுக்கு வீடு, கரையிலிருந்து அதிக தூரமில்லாத மணலும் சேறும்தான். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி, துடுப்பால் அடித்து மணலைக் கிளறி, உள்ளே இருக்கும் சிப்பி, நண்டு, புழுவைத் தின்னும். கிளறிய இடத்தில் சின்னச் சின்னக் குழிகள். மண் புரண்டு காற்றோட்டமாகும், புதைந்த சத்து மேலே வரும், குழியில் ஒதுங்க சின்ன உயிர்கள் வரும். வயலில் ஏர் செய்கிற வேலையை இது கடலடியில் செய்கிறது.

அந்த மணலில்தான் மனிதன் காலும் படுகிறது. திருக்கை வாலில் சாட்டை செய்து அடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வால்தான் ஆயுதம் என்று தோன்றும். உண்மையான ஆயுதம், வாலின் மேல்பக்கம் இருக்கும் ரம்பப்பல் முள். முள்ளின் ஓரத்துப் பள்ளங்களில் நஞ்சுத் திசு இருக்கிறது. மிதித்தால் வாலைத் தூக்கிக் குத்தும், தேடி வந்து குத்தாது. அந்த நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் செயலிழக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில், குத்துப்பட்ட இடத்தை மூழ்க வைத்தால் வலி குறைவது அதனால்தான். அப்புறம் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். முள்ளின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் புண் ஆறாது. மார்பிலோ வயிற்றிலோ குத்தினால் வெந்நீர் வைத்தியத்துக்கே நேரமில்லை. 2006 செப்டம்பர் 4 அன்று தொலைக்காட்சியில் காட்டுயிர் நிகழ்ச்சி நடத்திய ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் இறந்தது மார்பில் பட்ட குத்தால். அவரைக் கொன்ற மீன் என்ற பெயர் திருக்கைக்கு இன்னும் போகவில்லை. இத்தனைக்கும் திருக்கை குத்தி உயிர் போவது மிக அரிது.

மின் திருக்கைக்கு முள் தேவையில்லை. தலைக்கு இரண்டு பக்கமும் அவரைவிதை வடிவில் மின் உறுப்புகள், பெரிய இனங்களில் 200 வோல்ட் வரை. ரோமானியர் காலத்து மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கும் கால் வாதத்துக்கும் உயிருள்ள மின் திருக்கையை வைத்து வைத்தியம் எழுதியிருக்கிறார். நம் பக்கத்து மின் திருக்கை ஒன்றுக்கு 1801-இல் அறிவியல் பெயர் வைத்தது தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரியைக் கொண்டுதான். அந்தக் காலத்தில் தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், பெர்லினில் இருந்த மீனியலாளர் பிளாக்குக்குக் கப்பலில் மீன்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

இனி, திருக்கையின் பலவீனம் எதுவோ அதற்கு வருவோம். மத்தி ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டை தள்ளும். திருக்கை அப்படி இல்லை. ஸ்கேட்டுகளைத் தவிர மற்றவை குட்டி போடுகின்றன. கொட்டும் திருக்கைகளில் கருப்பைச் சுவரிலிருந்து விரல் விரலாக நீட்டியிருக்கும் இழைகள் கொழுப்பும் புரதமும் நிறைந்த ஒரு பாலைச் சுரக்கின்றன. குட்டி வயிற்றுக்குள்ளேயே அதைக் குடித்து வளர்கிறது. மீனில் இப்படி ஒரு தாய்மை. பிறக்கும்போதே தாயின் வடிவத்தில், பிழைக்கத் தெரிந்த குட்டியாக வெளியே வரும். நல்ல ஏற்பாடுதான், வலை என்று ஒன்று இல்லாதவரை. யானைத் திருக்கை என்று நம்மவர் சொல்லும் மாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 7 மீட்டர் வரை வளரும், 40 ஆண்டு வாழும், முள்ளால் யாரையும் குத்தாது, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும். வயிற்றில் ஓராண்டு சுமந்து பெறுவது ஒரே ஒரு குட்டி. அடுத்ததற்கு இரண்டு மூன்று ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேல். இப்படிப் பெருகும் உயிரினத்தை மத்தி பிடிக்கிற கணக்கில் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம்.

திருக்கையைப் பிடிப்பதற்கு வசதி செய்துகொடுத்ததும் அதன் உருவமே. கடலடியைத் துடைத்துக்கொண்டு வரும் இழுவை மடிக்கு, தரையோடு ஒட்டிக் கிடக்கும் தட்டை மீன்தான் முதல் வரவு. தமிழகக் கடலில் திருக்கை வலை என்றே பெரிய கண்ணி வைத்த வலை இருக்கிறது. ஆனால் தேடிப் பிடிப்பதைவிட, இறாலுக்கும் மற்றதற்கும் போட்ட மடியில் தானாக ஏறுவதுதான் பெரிய சேதம். உள்ளங்கை அளவுக் குட்டிகள் கழிசலோடு சேர்ந்து தீவன ஆலைக்குப் போகின்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டி போடும் மீனுக்கு இரண்டு மாத ஓய்வு எந்த மூலைக்கு?

உலக அளவில் எண்ணிப் பார்த்த கணக்கு 2021-இல் வந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்காகச் சுறா, திருக்கை, இவற்றின் ஆழ்கடல் உறவினர் என 1,199 இனங்களையும் ஆராய்ந்ததில் 391 அழியும் அபாயத்தில். அதில் சுறாக்கள் 536-இல் 167, அதாவது 31 விழுக்காடு. திருக்கைகள் 611-இல் 220, 36 விழுக்காடு. ஆவணப்படங்களும் கையெழுத்து இயக்கங்களும் சுறாவுக்கு. அதைவிட மோசமான நிலையில் இருப்பது திருக்கை. சுறாவுக்கு வில்லன் முகம் இருக்கிறது, அதனால் கதை இருக்கிறது. மணலில் புதைந்து கிடப்பதை யார் கதையாக்குவார்?

பெயர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஐரோப்பாவில் 'சாதாரண ஸ்கேட்' என்று பெயர் வாங்கிய ஒரு மீன் இருந்தது. அவ்வளவு மலிவாகக் கிடைத்ததால் அந்தப் பெயர். 1981-இல் ஒரு ஆய்வாளர், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஐரியக் கடலில் அது காணாமலே போய்விட்டதைச் சுட்டிக்காட்டினார். அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. ஏனென்றால் துறைமுகக் கணக்குகளில் எல்லா ஸ்கேட்டும் திருக்கையும் ஒரே தலைப்பில். பெரியது குறைய, சிறியது அந்த இடத்தை நிரப்ப, மொத்த எடை பார்வைக்குச் சரியாகவே இருந்தது. பிறகு மரபணுவைப் பார்த்தால், அந்தச் 'சாதாரண' ஸ்கேட் ஒன்றல்ல, இரண்டு இனம். தொலைந்தபோதுதான் இரண்டு இருந்ததே தெரிய வந்தது.

இந்தியக் கணக்கில் இதைவிட விசித்திரம். நம் மீன்பிடிப் புள்ளிவிவரங்களில் சுறா, ஸ்கேட், திருக்கை என்று மூன்று பிரிவு போடுவது வழக்கம். இந்தியாவின் ஆழமில்லாத கடலில் உண்மையான ஸ்கேட் பெயருக்குக்கூட வலையில் விழுவதில்லை. அந்தத் தலைப்பில் பதிவாவது உழுவை. வெளிநாட்டு ஆய்வாளர் யாராவது அட்டவணையைப் படித்தால், இல்லாத ஒரு மீனை நாம் டன் கணக்கில் பிடிப்பதாக நினைத்துக்கொள்வார்.

சட்டமும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2001 ஜூலையில் இந்திய அரசு எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். வலையில் என்ன ஏறும் என்பது வலை போடுகிறவன் கையில் இல்லையே. டிசம்பரில் பட்டியலை 10 இனங்களாகச் சுருக்கினார்கள். அதில் 6 திருக்கை வகை: வேளா மூன்று, நன்னீர்த் திருக்கை ஒன்று, முள் திருக்கை ஒன்று, உழுவை ஒன்று. அந்த உழுவைக்குப் போட்ட அறிவியல் பெயரில்தான் வேடிக்கை. ஜெட்டா நகரத்தின் பெயரைத் தாங்கிய 'ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ்' செங்கடலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை மேற்கு இந்தியப் பெருங்கடலில் வாழ்வது. நம் கரைக்கு வருவது 'லேவிஸ்' என்பதும் 'ஆஸ்திரேலியே' என்பதும். இந்தியக் கரையின் மாதிரியைக் கொண்டு 1801-இலேயே பெயர் பெற்ற லேவிஸ் அன்றைய பட்டியலில் இடம்பெறவில்லை. இங்கே இல்லாத மீனுக்கு இங்கே உச்சப் பாதுகாப்பு! மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாடை என்பதால் அதிகாரி கையில் சிக்கினால் எல்லாமே ஜிடென்சிஸ்தான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வழக்கென்று வந்து, மரபணுச் சோதனை வேறு பெயர் சொன்னால்? 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபோது அட்டவணைகள் நீண்டன, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன.

இந்த உழுவை குடும்பமும் அதன் பெரிய உறவினர்களும் சேர்ந்து 16 இனம். 15 அழிவின் விளிம்பில். கறிக்காக என்றால் இவ்வளவு வேகம் வந்திருக்காது. சுறாத்துடுப்பு சூப்புச் சந்தையில் மிக உயர்ந்த விலை உழுவைத் துடுப்புக்குத்தான். கொம்புத் திருக்கைகளுக்கு வேறு வகை ஆபத்து. சூரைக்குப் போடும் செவுள் வலைகளில் இலங்கை, இந்தியா, இந்தோனேசியக் கடல்களில் அவை மாட்டுகின்றன. முன்பு கறி அவ்வளவு விலை போகாது. இப்போது செவுளில் இருக்கும் வடிகட்டித் தட்டுகளை உலர்த்தினால் சீனாவின் குவாங்சௌவில் வாங்க ஆள் இருக்கிறது, சூப்பில் போட்டால் உடம்புக்கு நல்லதாம். மாட்டினால் வலையை அறுத்துக் கடலில் விட்டுவிடலாம் என்றிருந்த மீனை, அந்த விலை கரைக்குக் கொண்டுவந்தது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் மாண்டா 2013-இலும், மற்ற கொம்புத் திருக்கைகள் 2016-இலும், உழுவைகள் 2019-இலும் நுழைந்தன. 2025 இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் நடந்த அந்த ஒப்பந்த நாடுகளின் கூட்டம் மாண்டாவையும் கொம்புத் திருக்கைகளையும் வணிகமே கூடாத முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. மாலத்தீவு இதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டது. ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டாக்கள் கூட்டமாக மேய்வதைப் பார்க்கக் காசு கொடுத்து உலகமே வருகிறது. செவுளை ஒருமுறைதான் விற்க முடியும் என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

அரிய இனம் மாட்டினால் விட்டுவிடச் சொல்வது நடக்கிற காரியமா? இனத்தைப் பொறுத்தது. தரையில் கிடக்கும் திருக்கைகளுக்குக் கண்ணருகே துளை இருக்கிறது என்று சொன்னேனே, அதனால் தளத்தில் கொட்டிய பிறகும் அவை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். சீக்கிரம் தண்ணீரில் போட்டால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. கொம்புத் திருக்கை நீந்தினால்தான் மூச்சு. இரவு முழுக்க வலையில் சுற்றிக் கிடந்தால் காலையில் வலையை ஏற்றும்போது விடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்கு வலையை எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் போடுவது என்பதில்தான் கை வைக்க வேண்டும், அது படகுக்காரரின் வயிற்றில் கை வைக்கிற விஷயம்.

இதற்கிடையே பெயர்கள் பிரிந்துகொண்டே போகின்றன. ஒன்று என்று நினைத்த மாண்டா 2009-இல் இரண்டானது, 2025-இல் அட்லாண்டிக்கிலிருந்து மூன்றாவது வந்தது. நீலப்புள்ளி போட்ட சின்னத் திருக்கை ஒன்று, இந்தோனேசியாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை ஒரே இனம் என்று நூறாண்டுக்கு மேல் நம்பப்பட்டது. மரபணு பார்த்ததும் பல துண்டாகி, 2018-இல் 'நியோட்ரைகான் இண்டிகா' என்று இந்தியாவின் பெயரில் ஒன்று தனியாகப் பிரிந்தது. பரந்து வாழும் ஒரு இனம் என்றால் ஒரு கரையில் குறைந்தாலும் இன்னொரு கரையில் இருக்கும் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். கரைக்கு ஒரு இனம் என்றால் அந்த ஆறுதலும் இல்லை.

1862-இல் ஜகார்த்தாவின் மீன் சந்தையில் ஒருவர் ஒரு சின்னத் திருக்கையை வாங்கினார். சாண் ஒன்றரை இருக்கும். பெயர் வைத்து, சாராயத்தில் ஊறவைத்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதற்கப்புறம் அந்த இனத்தை யாரும் பார்க்கவில்லை. ஜாவாவின் வடகரைச் சந்தைகளில் திரும்பத் திரும்பத் தேடியும் இன்னொன்று அகப்படவில்லை. 2023 டிசம்பரில் அதை அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதனால் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் கடல் மீன். சந்தையில் அன்று அதை வாங்கியிராவிட்டால், அப்படி ஒன்று இருந்ததும் யாருக்கும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது. கணக்கில் அதுவும் 'திருக்கை, இத்தனை கிலோ'வுக்குள் போயிருக்கும்.